அவரவர் கையில் அவரவர் தாள்

ஜனவரி 6

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். அத்தானுக்கு மட்டும் இடது முழங்காலில் வலி. பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு க்ளட்ச்சை மிதித்து மிதித்து வருவதுதான் என்கிறார் டாக்டர். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தனி ஆள்தானே என்று ரெண்டு ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா? முப்பத்தெட்டு வயதானவளை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று சண்டைக்கு வராதே. எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

ஒரு விஷயம். இனிமேல் நாம் கடிதம் எழுதிக்கொள்வோம். போனில் பேசினால் அன்றைக்கே காற்றோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். போனிலேயே தட்டி அனுப்பேன் என்பாய். இருபத்திரண்டு வருஷம் நூல் முடிச்சுப் போட்ட விரல் என்னுடையது. அந்தக் கண்ணாடியில் ஒன்றைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. போன வாரம் அத்தானுக்கு 'பால் வாங்கி வாங்க' என்று அனுப்பப் போய் 'பல் வாங்கி வாங்க' என்று போயிருக்கிறது. மனிதர் டிப்போ முழுக்கக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

மில்லில் எங்கள் மூன்றாம் ஷெட்டுக்குப் புதுத் தறிகள் வந்திருக்கின்றன. பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். எட்டுத் தறி பார்த்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பார்க்கிறேன். பழகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன்.

மறக்காமல் பதில் போடு.

உன் அக்கா

•

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உடம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அத்தானை அந்தக் காலைக் கொஞ்சம் நீட்டி வைத்து உட்காரச் சொல்.

முதலில் என் மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன். போன மாதம் எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன். நீ, "அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்கு நான் அழுதேன். இப்போது போனே வேண்டாம் என்கிறாய். என் மேல் ஏதாவது கோபம் என்றால் நேராகச் சொல்லிவிடு, அக்கா. சுற்றி வளைக்காதே.

சரி, இங்கத்திய கதை. டயர் கடைக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது: மூன்று வக்கீல்கள், ஒரு டைப்பிஸ்ட், ஃபைல் ரூமில் பதினொரு வருஷமாக நான். மாறியது ஒன்றே ஒன்று. எங்கள் வக்கீலம்மாவின் ஜூனியர் (ஆறடிக்கு மேல் உயரம், நாங்கள் நெட்டை என்போம்) செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறார். காகிதங்களை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் எல்லாவற்றையும் படித்துவிட்டு, கேட்ட கேள்விக்கு எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறது. நேற்று ஒரு தச்சர் தன் பட்டறையின் வாடகை ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பு என்றால் "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்புவோம். நேற்று, கொடுத்த டீ ஆறுவதற்குள் வக்கீலம்மா பதில் சொல்லிவிட்டார். மனிதர் படியிறங்கும்போது என்னிடம் குனிந்து, "ஏம்மா, நிஜமாவே படிச்சுப் பாத்துதான் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்குத்தான் பயம். ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. தேடவே வேண்டாம் என்றால் நான் எதற்கு? ஃபைல் ரூமைக் காலி செய்யப் போகிறார்கள் என்று டைப்பிஸ்ட் காதைக் கடித்தார்.

இன்னொன்று. இன்று காலை ஓய்வு பெற்ற நெசவாளிகள் ஆறு பேர் வந்தார்கள். உங்கள் மில்தான், அக்கா! ஆறு பேருக்கும் காது போய்விட்டது. தறிச் சத்தத்தால் போனது என்று போன வருஷமே வழக்குப் போட்டிருக்கிறார்கள். காகிதங்களைக் கொடு என்று நீதிமன்றம் சொன்னதும் மில்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்களாம். கலந்து கட்டி, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல். அதைப் பார்த்தே பழைய வக்கீல் கும்பிடு போட்டுவிட்டார். ஊரில் வேறு யாரும் தொடவில்லை. வக்கீலம்மா நெட்டையைத் திரும்பிப் பார்த்தார். நெட்டை, "இப்ப முடியும்" என்றார். எடுத்துக்கொண்டுவிட்டோம்.

உனக்குக் காது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் வாண்டு

•

மார்ச் 3

அன்புள்ள வாண்டுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஷெட்டில் ஆள் குறைவு, ஞாயிறும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மற்றபடி வீட்டில் சுகம். அத்தான் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கிப் போட்டுக்கொண்டு கால்பந்து வீரர் மாதிரி நடக்கிறார்.

உன் மேல் எனக்கு என்னடி கோபம்? பைத்தியம். அன்றைக்கு ஏதோ வேலை அவசரத்தில் பேசியிருப்பேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் இயந்திரத்துக்குப் பயப்படாதே. எங்களுக்குப் புதுத் தறி வந்தபோதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். ஓடுகிற தறியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு யாரும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அது எங்கே இழை விடுகிறது என்று கண்டுபிடிக்கிறவளை எவனும் அனுப்பமாட்டான். நீயும் அதன் பக்கத்திலேயே நின்று, எங்கே இழை விடுகிறது என்று பார். உனக்குக் கண் கூர்மை. சின்ன வயதில் அரிசியில் கல் பொறுக்க உன்னைத்தானே உட்கார வைப்பார்கள்.

காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு நன்றாகவே கேட்கிறது. வருஷா வருஷம் சோதனை வண்டி வருகிறது. கூண்டு மாதிரி ஒன்றில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்பார்கள். அமுக்குவேன். "போகலாம்" என்பார்கள். குறை இருந்தால் சொல்லியிருக்கமாட்டார்களா? அந்த ஆறு பேரும் வயதானவர்கள். வழக்கு விஷயத்தில் என் பெயரை எங்கேயும் எடுத்துவிடாதே. காது மந்தம் என்று தெரிந்தால் தறியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று இங்கே பேச்சு. மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அதைவிட உற்சாகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன். கால்பந்து வீரருக்கு என் வாழ்த்து.

நீ சொன்னாயே, இழை விடுகிற இடம்! பிடித்துவிட்டேன்!

முதலிலிருந்து சொல்கிறேன். பெட்டிகளில் உள்ளதை ஸ்கேன் பண்ணிக் கொடுக்கவே ஆறு வாரம் ஆனது. அந்தச் சோதனை வண்டியின் ஒன்பது வருஷத் தாள்கள் உள்ளே கிடந்தன. சாப்பாட்டுக் கணக்கோடும் லாரிச் சீட்டோடும் கலந்து போட்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தது. இயந்திரம் அத்தனையையும் பிரித்து, ஆள்வாரியாக, வருஷவாரியாக அடுக்கிவிட்டது. நான் செய்தால் இரண்டு வருஷம் ஆகும், கண்ணும் போய்விடும். ஆனால் கடைசியில், 'பெரும்பாலான தொழிலாளர்களின் செவித்திறன் சரி' என்று முடிவு சொன்னது. வக்கீலம்மா முகம் விழுந்துவிட்டது.

எனக்கு ஒப்பவில்லை. தாள்களை நானே எடுத்து வைத்துப் பார்த்தேன். தொள்ளாயிரம் பேருடைய தாள்களின் அடியில் கையால் 'ச' என்று எழுதியிருந்தது. இயந்திரம் மேலே இருந்த அளவுகளை விட்டுவிட்டு அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் சில தாள்களில் ஏன் 'அ' என்று இருக்கிறது? அதே கையெழுத்தை எங்கேயோ பார்த்த நினைவு. நாற்பதாம் பெட்டியில் கிடைத்தது, ஒரு வருகைப் பதிவேட்டின் முதல் பக்கம். 'ச: சத்தப் பகுதி. அ: அலுவலகம்.' சரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர்கள் எங்கே வேலை செய்தார்கள் என்பதற்கான குறி அது!

நெட்டை நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் விளக்கில் தலையை இடித்துக்கொண்டார். இயந்திரத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் அரை மணியில் தொள்ளாயிரம் பேருடைய அளவுகளையும் திருப்பிப் படித்துவிட்டது. இப்போது கணக்கு: நானூற்றுப் பதினெட்டுப் பேருக்குக் காது போய்க்கொண்டிருந்தது, மில்லுக்கு அது தெரிந்திருந்தது.

"ஃபைல் ரூமைக் காலி பண்ணுவாங்கன்னு யாரோ சொன்னாங்களாமே" என்றார் வக்கீலம்மா. "ஃபைலைத்தான் காலி பண்றோம். உன்னை இல்லை."

அந்த ஆறு பேருக்காக அறையில் ஒரு திரை வைத்திருக்கிறோம். நாம் பேசுவது எழுத்தாக ஓடும். மீசைக்கார நெசவாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "வக்கீல் பேசறது எனக்கு முழுசா புரியறது இதான் முதல் தடவை" என்றார். நெட்டை, "காது கேக்கறவங்களுக்கே புரியாதுங்க" என்றார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் படித்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

நாளை மூன்றாம் ஷெட் தாள்களைச் சரிபார்க்கிறேன். உன் கூட்டாளிகளின் பெயரெல்லாம் வரும். முடித்ததும் எழுதுகிறேன்.

வாண்டு

•

மே 26

அன்புள்ள வாண்டுவுக்கு,

முடித்ததும் எழுதுகிறேன் என்றவளைக் காணோம். ஐந்து வாரம் ஆகிறது. உடம்பு சரியில்லையா? அத்தான் தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் வராததுமாகத் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்.

சனிக்கிழமை பதிவுத் தபால் ஒன்று வந்து, தபால்காரர் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். நான் வீட்டில்தான் இருந்தேன். கண் அசந்திருப்பேன் போல. அது உன்னுடையதோ என்று அஞ்சலகத்துக்கு ஓடினேன். மின்சார வாரியத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று.

இரண்டு வரி எழுதிப் போடு. அது போதும்.

அக்கா

•

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கவலைப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். அத்தானின் முழங்கால் எப்படி?

இங்கே மழை. மாடிப்படியில் ஒழுகுகிறது, டயர் கடைக்காரர் ஒரு பழைய டயரைக் கீழே வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார். நீலக் குடை ஒன்று வாங்கினேன். டைப்பிஸ்ட்டின் மகளுக்குப் பல் விழுந்திருக்கிறது.

மூன்றாம் ஷெட் தாள்களை நெட்டை பார்க்கிறார். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். வழக்கைப் பற்றி உனக்கு ஒரு வரியும் எழுதக்கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது நியாயம்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தக் காய்ச்சல் போனை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், அக்கா. ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்காதே. உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

வாண்டு

•

ஜூலை 14

என் கண்ணான வாண்டுவுக்கு,

உடம்பு சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு என் உடம்பைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீதிமன்ற உத்தரவுப்படி என்று போட்டு ஒரு தடித்த உறை வந்தது. என் பெயர் போட்டு, ஒன்பது வருஷச் சோதனைத் தாளும் அவற்றை விளக்குகிற ஒரு கடிதமும் உள்ளே. கடிதத்தின் முதல் வரி: 'நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் முதலில் உட்காருங்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.' எந்த வக்கீல் அலுவலகமும் இப்படி எழுதாது. நான் உட்கார்ந்தேன். மீதியைப் படித்தேன். வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இடது அதைவிட மோசம். எந்த வருஷம் எவ்வளவு இறங்கியது என்று படிக்கட்டு மாதிரி வரைந்திருந்தது. நீ எழுதியதுதானே அந்த முதல் வரி?

உனக்குப் பொய் சொன்னேன். மூன்று வருஷமாகவே எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. எல்லோரும் சிரித்தால் சிரிப்பேன். உதட்டைப் பார்த்து ஊகிப்பேன். போனில் உதடு இல்லையே. அன்றைக்கு நீ ஏதோ நல்ல சேதி சொல்கிறாய் என்று நினைத்துத்தான் சந்தோஷம் என்றேன். நீ காய்ச்சலோடு அழுதாய் என்று எழுதியதைப் படித்துவிட்டு, ஆறு வாரம் எனக்குப் பேனாவைத் தொடக் கை வரவில்லை. அத்தானுக்கு மட்டும் தெரியும். கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலால் தட்டுவார், அதிர்வில் திரும்புவேன். அந்த முழங்காலோடு.

தறியால்தான் போனது என்று எனக்குத் தெரியாது, வாண்டு. நாற்பத்தாறு வயதிலேயே கிழவியாகிவிட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போனேன். இடைவேளையில் பார்த்தால் ஒருத்தி முகமும் சரியில்லை. எல்லோரும் சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. என் பையிலிருந்து உறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். யாரும் அசையவில்லை. பிறகு எதிரே இருந்தவள், கண்ணாடி போட்டவள், தன்னுடையதை எடுத்து வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. எண்ணினேன். முப்பத்தொன்று. பக்கத்தில் பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் வேலை பார்த்தோம், ஒருத்திக்குக் கேட்காதது இன்னொருத்திக்குத் தெரியாது.

கடிதத்தின் கடைசியில், நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல விருப்பம் இருந்தால் எழுதலாம் என்றிருந்தது. எழுதிவிட்டேன். நீ இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு நீலக் குடையைப் பற்றி எழுதினாயே, அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

•

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

அலுவலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்து படித்தேன். டைப்பிஸ்ட் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இப்போது தெளிவாக இருக்கிறேன். அத்தானின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல், அந்த இடது காலை.

நீயே சொல்லிவிட்டதால் நானும் சொல்லலாம். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, மூன்றாம் ஷெட் வரிசையில் நாலாவது பெயர் உன்னுடையது. ஒன்பது வருஷத்தை இயந்திரம் ஒரே கோடாகப் போட்டுக் காட்டியது. கோடு இறங்கிக்கொண்டே போனது. உன் கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் இருந்தது. உடனே உனக்குச் சொல்லக் கை பரபரத்தது. எழுந்து போய் வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

அவர் முதலில் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "இனி அந்த ஷெட் தாளைத் தொடாதே. வழக்குக்காக நம்ம கைக்கு வந்த காகிதம். அதுல இருக்கறதைச் சொல்ற உரிமை உனக்கு இல்லை. ஆனா தெரிஞ்சுக்கற உரிமை உன் அக்காவுக்கு இருக்கு, அந்த நானூறு பேருக்கும் இருக்கு. அதை நான் கோர்ட்ல வாங்கித் தரேன்" என்றார். வாங்கினார். பரிசோதனை செய்த ஒருவரையும் விடாமல் ஆயிரத்து முந்நூறு பேருக்கும் அவரவர் தாளைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

ஆயிரத்து முந்நூறு கடிதம், ஒவ்வொன்றிலும் வேறு கணக்கு. முன்பு என்றால் ஒரு வருஷம், அதற்குள் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். இயந்திரம் இரண்டு நாளில் எழுதியது. ஆனால் நீ அதன் முதல் நகலைப் பார்த்திருக்க வேண்டும்: 'தங்களின் செவித்திறன் குறைபாடு தொடர்பாக இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்'! வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டார். "பேரையோ தாளையோ நீ பாக்க வேண்டாம். இந்த வாசகத்தை மட்டும் மனுஷங்க படிக்கற மாதிரி மாத்து" என்றார். ஒரு கடிதம் நானே எழுதினேன். யாரை நினைத்துக்கொண்டு எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரி மீதியை எழுது என்றேன், எழுதிவிட்டது. மற்ற நாலு பேரும் ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறையில் போட்டார்கள்.

சாட்சி விஷயமாக நான் உன்னிடம் எதுவும் பேசக்கூடாது. பேசவும் மாட்டேன். அன்றைக்கு அந்த நீதிமன்றத்துக்கு வரவும் மாட்டேன். மஞ்சள் சேலையை இஸ்திரி போட்டு வைத்துக்கொள். அது வழக்கில் சேராது.

வாண்டு

•

செப்டம்பர் 19

அன்புள்ள வாண்டுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்ன, தரையில் கால் பாவவில்லை! உட்கார், சொல்கிறேன்.

மஞ்சள் சேலைதான் கட்டினேன். அத்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். மூன்றாம் ஷெட்டிலிருந்து பதினேழு பேர் வந்து பின் பெஞ்சுகளை நிரப்பிவிட்டார்கள். எனக்கு முதலில் பெஞ்சிலும் பிறகு சாட்சிக் கூண்டிலும் உங்கள் நெட்டை ஒரு திரையை வைத்தார். ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு மைக். பேசுவதெல்லாம் எனக்கு எழுத்தாக வரலாம் என்று நீதிபதி அனுமதி கொடுத்திருந்தார்.

எனக்கு முன்னால் எங்கள் சூப்பர்வைசர் மில் தரப்பில் சாட்சி சொன்னார். மூன்றாம் ஷெட்டில் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம், அவ்வளவு சத்தமெல்லாம் கிடையாது என்றார். பின் பெஞ்சில் ஒரு முனகல். எனக்கு அது கேட்கவில்லை, '(சலசலப்பு)' என்று திரையில் வந்தது.

பிறகு நான். மில் வக்கீல் கெட்டிக்காரர். என் உதட்டுப் பழக்கத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே கேள்வி கேட்டார். கேட்டால் என்ன, எனக்குத்தான் திரை இருக்கிறதே. தறி என்பதைத் திரை முதலில் கறி என்று போட்டது. "எத்தனை கறி பார்க்கிறீர்கள்" என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டை எழுந்து அதைத் திருத்தினார்.

"காதுக்கு அடைப்பான் கொடுத்தார்களா இல்லையா?"

"கொடுத்தாங்க. அதிகாரிங்க வர்ற அன்னைக்கு. போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டாங்க."

"ஒன்பது வருஷம் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது நீங்கள் புகார் செய்தீர்களா?"

"என்னன்னு பண்றதுங்க? வண்டி வந்துச்சு. பட்டனை அமுக்கினேன். போகலாம்னாங்க, போனேன். எனக்கு என்ன ஆச்சுன்னு எழுதின தாள் ஒம்பது வருஷமா உங்ககிட்டல்ல இருந்துச்சு!"

அவர் தன் மேஜைக்குப் போனார். குனிந்து தன் ஜூனியரிடம் ஏதோ முணுமுணுத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததை மறந்துவிட்டார் பாவம். என் திரையில் அட்சரம் பிசகாமல் வந்தது: 'இந்தம்மாவுக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது. சுத்த நடிப்பு.'

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. நிமிர்ந்து சொன்னேன்: "ஐயா, நான் நடிக்கலைங்க. நீங்க அவர்கிட்ட சொன்னது எனக்குக் கேக்கலை. படிச்சேன்."

நீதிபதி, "என்ன சொன்னார்?" என்றார். திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன். பின் பெஞ்சு முழுக்கக் கை தட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அத்தான் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மனிதர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி அமைதி அமைதி என்று மேஜையைத் தட்ட, அவருடைய வாயோரமும் சிரிப்பில் துடித்தது. மில் வக்கீல் மன்னிப்புக் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் மில் தரப்பு ஆள் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

தீர்ப்பு அடுத்த மாதம். என்ன ஆனாலும் ஆகட்டும், எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அக்கா

•

அக்டோபர் 24

அக்கா! அக்கா! அக்கா!

ஜெயித்துவிட்டோம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

தீர்ப்பை வக்கீலம்மா சத்தமாக வாசிக்க, திரையில் ஆறு பேரும் படித்தார்கள். மில் தெரிந்தே மறைத்தது நிரூபணமாகிவிட்டது. ஆறு பேருக்கும் நஷ்டஈடு. தறிகளைச் சுற்றிச் சத்தம் தடுக்கும் கூடு போட வேண்டும். காது போனவர்களுக்குக் கருவியும் சிகிச்சையும் மில் செலவு. காது கேட்கவில்லை என்று ஒருவரையும் தறியை விட்டு இறக்கக் கூடாது. பரிசோதனை வருஷம் இரண்டு தடவை, தாளை அந்த இடத்திலேயே தொழிலாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும், தொழிலாளர் குழு அதை மேற்பார்வையிட வேண்டும். மீசைக்கார நெசவாளி எழுந்து போய் நெட்டையைக் கட்டிக்கொண்டார். மீசை நெட்டையின் சட்டைப் பொத்தான் வரைதான் எட்டியது.

அதற்குள் வேறு மூன்று ஆலைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பெட்டி எத்தனை இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறோம். ஃபைல் ரூமில் அலமாரிகளை எடுத்துவிட்டு நாற்காலிகள் போட்டாயிற்று. இப்போது அது கட்சிக்காரர்கள் உட்கார்ந்து பேசுகிற அறை. மூலையில் என் மேஜை. இயந்திரம் சொன்னதை ஒரு ஆளிடம் சொல்வதற்கு முன்னால் என் கையெழுத்து வேண்டும், வக்கீலம்மாவின் உத்தரவு. நேற்று பதினொன்றில் இரண்டைத் திருப்பி அனுப்பினேன். நெட்டை, "சின்னத் தப்புதானே" என்றார். "உங்க அக்காவுக்குப் போற கடிதம்னா?" என்றேன். உடனே திருத்திக் கொடுத்தார்.

நீயும் அத்தானும் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

வாண்டு

•

டிசம்பர் 8

அன்புள்ள வாண்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகமே. அத்தானுக்கு மாற்றுப் பேருந்து கிடைத்திருக்கிறது, அதில் க்ளட்ச்சே கிடையாதாம். நீ சாப்பிடுகிறாயா?

தறிகளுக்குக் கூடு போடுகிறார்கள். முதல் வரிசை முடிந்துவிட்டது. நேற்று புதிய முறைப்படி முதல் பரிசோதனை. எங்கள் ஷெட்டின் குழுவுக்கு என்னையே தலைவியாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருத்தியும் உள்ளே போய் வந்ததும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருகிறாள். "இந்தக் கோடு என்னக்கா சொல்லுது?" கண்ணாடி போட்டவளுக்கு வலது காது போன தடவை இருந்த அளவிலேயே நிற்கிறது. தாளை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் வரிசையில் நிமிர்ந்து பார்க்கிறேன், எங்கள் சூப்பர்வைசர் நிற்கிறார். இத்தனை வருஷத்தில் சோதனை வண்டிப் பக்கமே வராதவர். பின்னால் இருந்தவர்கள் வழி விட்டும் முன்னால் வரவில்லை. தன் முறை வரும் வரை நின்றார். உள்ளே போய் வந்தார். தாளை என் முன்னால் வைத்தார்.

பார்த்தேன். என்னுடையதைவிட மோசம். இரண்டு காதும். எங்கள் மூன்றாம் ஷெட்டில் எங்களுக்கு முன்பே வந்தவர் அவர். எத்தனை வருஷம் எங்களைக் கத்திக் கத்தி விரட்டியிருக்கிறார், எவ்வளவு திட்டியிருக்கிறோம். திமிர் என்று நினைத்தோம். தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை, வாண்டு. நீதிமன்றத்தில் வக்கீல்களின் உதட்டையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்று பேசலாம் என்று சொன்னாரே, அவருக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதானே இருந்திருக்கும்.

சொல்லாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, சொன்னாலும் கேட்காது. காகிதத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நின்றுகொண்டு படிக்கிறீர்களே, முதலில் உட்காருங்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.' படித்தார். உட்கார்ந்தார். கருவிக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அடியில் எழுதிக் கொடுத்தேன். தாளையும் அதையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நன்றிம்மா" என்று சொன்னார். ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவு சத்தம். எனக்கே நன்றாகக் கேட்டது.

அவருக்குப் பின்னால் இன்னும் பதினொரு பேர் நின்றார்கள். அடுத்தவளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

மூன்றாம் ஷெட் பாதுகாப்புக் குழுத் தலைவி
(ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது),
உன் அக்கா